மனுவை யாருக்கு எழுதுவது?

அதியன்னூர், நெய்யாற்றின்கரை, பாறசாலை, காரோடு பக்கத்துத் தமிழ் நண்பர்களுக்கு,



கேரள ஆளுநரைப் பார்த்துக் கொடுப்பதற்காக நீங்கள் எழுதியிருக்கும் மனுவின் நகல் எனக்கும் வந்து சேர்ந்தது. தமிழ் வகுப்புகளுக்கு ஆசிரியர், பஞ்சாயத்து ஆபீசில் தமிழில் படிவம், நெய்யாறு கால்வாயில் தூர் வாருதல், விழிஞ்ஞம் துறைமுகத்தில் நம் பிள்ளைகளுக்கு வேலை, பாலராமபுரத்துச் சாலியர் தறிகளுக்கு உதவி என்று ஒரு பக்கம் முழுக்கக் கோரிக்கைகள். ஒன்றுகூட அநியாயமானது இல்லை. கடைசிப் பத்தியில்தான் எனக்குச் சங்கடம். "ஆளுநர் மாற்றத்தால் மாநிலத்தின் முன்னேற்றத்துக்கு வழி பிறந்திருக்கும் இவ்வேளையில்" என்று எழுதியிருக்கிறீர்கள். என் கையெழுத்தைக் கேட்டிருக்கிறீர்கள். போடுவதற்கு முன் எல்லோரிடமும் சேர்த்துச் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

என்ன வழி பிறந்தது என்று முதலில் பார்ப்போம். 2025 ஜனவரி 2-ஆம் தேதி, பீகாரில் ஆளுநராக இருந்த ராஜேந்திர விஸ்வநாத் அர்லேகர் திருவனந்தபுரத்தில் பதவியேற்றார். இங்கே 2019 செப்டம்பர் முதல் இருந்த ஆரிப் முகமது கான் அதே நாளில் பாட்னாவில் பதவியேற்றார். இங்குள்ளவர் அங்கே, அங்குள்ளவர் இங்கே. அவர்களை அனுப்பும் டெல்லியும் அதேதான், கையெழுத்துக்குப் போகும் கோப்பும் அதேதான்.

கான் காலத்துச் சண்டைகள் உங்களுக்கு மறந்திருக்காது. 2022 அக்டோபரில் 9 துணைவேந்தர்களை ராஜினாமா செய்யச் சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில், பல்கலைக்கழக வேந்தர் பதவியிலிருந்து ஆளுநரை நீக்கும் மசோதாவைச் சட்டசபை நிறைவேற்றியது. மசோதாக்கள் ராஜ்பவனிலேயே கிடக்கின்றன என்று 2023-ல் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 7 மசோதாக்கள் குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பட்டன. 2024 ஜனவரி 25 அன்று கொள்கை உரையின் கடைசிப் பத்தியை மட்டும் வாசித்து இரண்டு நிமிடத்துக்குள் சபையை விட்டு இறங்கினார். இரண்டு நாள் கழித்து, கறுப்புக்கொடி காட்டியவர்கள்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை என்று நிலமேலில் ரோட்டோரத் தேநீர்க்கடை முன் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மாநிலத்தின் முதல் குடிமகன் தன் மாநிலப் போலீசுக்கு எதிராக ரோட்டில் உட்கார்ந்ததை டிவியில் பார்த்து நாமும் சிரித்தோம். பல்கலைக்கழகங்களில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஒரு கட்டத்தில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் நிரந்தரத் துணைவேந்தர் இல்லாமல் பொறுப்பு ஆட்களை வைத்தே ஓடின.

அர்லேகர் வந்தார். 2025 ஜனவரி 17 அன்று கொள்கை உரையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தார். எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள், பத்திரிகைகள் பாராட்டின. ஜூன் மாதம் உலகச் சுற்றுச்சூழல் தின விழாவில் ராஜ்பவன் மேடையில் பாரதமாதா படம் வந்தது. அதை எதிர்த்து விவசாய அமைச்சர் பி. பிரசாத் விழாவைப் புறக்கணித்தார். அதே மாதம் அதே காரணத்தால் இன்னொரு விழாவிலிருந்து கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி எழுந்து வெளியேறினார். கேரளப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தில் அதே படத்தை முன்வைத்து நடந்த தகராறில் பதிவாளரைத் துணைவேந்தர் சஸ்பெண்ட் செய்தார், சிண்டிகேட் அதை ரத்து செய்தது, பல வாரங்களுக்கு யார் பதிவாளர் என்பதே வழக்காக இருந்தது. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் டிஜிட்டல் பல்கலைக்கழகத்துக்கும் துணைவேந்தர்கள் வர உச்ச நீதிமன்றம் ஒரு ஓய்வுபெற்ற நீதிபதியை நடுவில் உட்கார வைக்க வேண்டியிருந்தது. 2026 ஜனவரிக் கொள்கை உரையில் அவர் வாசிக்காமல் விட்ட வரிகளை முதலமைச்சர் பினராயி விஜயன் எழுந்து சபையில் வாசித்தார்.

அர்லேகர் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் ஏதும் இல்லை. கானைவிட நிதானமானவர் என்றே நினைக்கிறேன். சண்டையின் சுருதி மாறியிருக்கிறது, பாட்டு அதேதான். நாற்காலி அப்படி அமைந்திருக்கிறது. மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் ஒவ்வொரு சட்டமும் அந்த மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். மேசைக்குப் பின்னால் இருப்பவரை மக்கள் தேர்ந்தெடுக்கவும் இல்லை, இறக்கவும் முடியாது. ஆளுநரால் ஒரு பள்ளிக்கூடம் திறக்க முடியாது. திறக்கும் சட்டத்தை வேண்டுமானால் ஒன்றிரண்டு வருஷம் நிறுத்திவைக்கலாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்களே, அந்தப் பூசாரியிடம் போய் வரம் கேட்கிறோம்.

நம் ஊருக்கு இந்த விஷயத்தில் பழைய அனுபவம் உண்டு. சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை 1878-ல் பிறந்தது அதியன்னூரில். வக்கம் மௌலவியின் 'சுதேசாபிமானி' பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்து, திருவிதாங்கூர் திவான் பி. ராஜகோபாலாச்சாரியை வாரம் தவறாமல் கேள்வி கேட்டார். திவானும் மேலிருந்து வந்தவர்தான், வெளியூர்க்காரர், நம்மைப் போலத் தமிழர். 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகத்தைப் பறிமுதல் செய்தார்கள். ஆசிரியரைப் போலீஸ் காவலில் ஆரல்வாய்மொழி எல்லைக்குக் கொண்டுபோய் அந்தப் பக்கம் விட்டார்கள். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். ராஜகோபாலாச்சாரி 1914-ல் போனார். அடுத்த திவானாக வந்தவர் எம். கிருஷ்ணன் நாயர், மலையாளி. திவான் மாறினார், நாடுகடத்தல் உத்தரவு மாறவில்லை. ராமகிருஷ்ண பிள்ளை 1916-ல் கண்ணூரில் இறந்தார், நெய்யாற்றின்கரைக்குத் திரும்பவே இல்லை.

அதே ராஜகோபாலாச்சாரியை நான் வெறும் வில்லனாகக் காட்டினால் நியாயமாகாது. தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்ற உத்தரவுக்குப் பின்னால் நின்றவர் அவர். நம் பக்கத்து வெங்ஙானூரைச் சேர்ந்த தாழ்த்தப்பட்டோர் தலைவர் அய்யன்காளி ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்டதும் அவர் காலத்தில்தான். ஆக, மேலே இருந்தவர் நல்ல உத்தரவே போட்டார். கீழே என்ன நடந்தது? ஊரூட்டம்பலம் இங்கிருந்து எத்தனை தூரம்? பஞ்சமி என்ற சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு அய்யன்காளி அந்தப் பள்ளிக்குள் போனார். பிள்ளை உட்கார்ந்த பள்ளியையே மேல்சாதிக்காரர்கள் கொளுத்தினார்கள். பாதி எரிந்த பெஞ்சு ஒன்றை அந்தப் பள்ளியில் இன்னும் வைத்திருக்கிறார்கள். பார்க்காதவர்கள் ஒருநாள் போய்ப் பாருங்கள். உத்தரவு கோட்டையில் இருந்தது, கதவு ஊரூட்டம்பலத்தில் இருந்தது. அந்தக் கதவை நடந்துபோய்த்தான் திறக்க வேண்டியிருந்தது.

திவானுக்காவது அதிகாரம் இருந்தது. சர் சி.பி. ராமசாமி ஐயர் காலத்தில் பள்ளிவாசலில் மின்சாரம் எடுத்தார்கள், 1937-ல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் வந்தது. அதே சி.பி. காலத்தில்தான், 1938 ஆகஸ்ட் 31 அன்று நெய்யாற்றின்கரையில் கூட்டத்தின் மேல் துப்பாக்கிச் சூடும் நடந்தது. ஆக்கவும் அழிக்கவும் முடிந்த பதவி அது. இன்றைய ஆளுநர் பதவிக்கு இரண்டும் இல்லை. அந்தப் பழைய திவான் பிரமைதான் உங்கள் மனுவில் தெரிகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

"நம்மாள் ஒருவர் அங்கே வந்தால்" என்று கூட்டத்தில் ஒருவர் பேசியதாகக் கேள்விப்பட்டேன். வரவில்லையா? 1977 முதல் 1982 வரை ஜோதி வெங்கடாசலம். அடுத்து 1988 வரை பா. ராமச்சந்திரன். 2011-ல் புதுச்சேரியின் முன்னாள் முதல்வர் பரூக், அடுத்த ஜனவரியில் பதவியில் இருக்கும்போதே காலமானார். 2014 முதல் 2019 வரை ஈரோட்டுப் பக்கத்து ப. சதாசிவம், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவர். தமிழ் பேசுபவர் நான்கு பேர் ராஜ்பவனில் இருந்திருக்கிறார்கள். ஜோதி வெங்கடாசலம் இருந்தபோது கேரளத்தில் மூன்று முறை குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. 1979 கடைசியில் ஒன்று, 1981-ல் ஒன்று, 1982-ல் ஒன்று. சட்டசபை கூடாமல், மந்திரிசபையும் இல்லாமல், நிர்வாகம் முழுக்க ஒரு தமிழ்ப் பெண்மணியின் கையில் இருந்த மாதங்கள் அவை. அப்போது பாறசாலையில் ஒரு போர்டு தமிழில் எழுதப்பட்டதாகவோ, ஒரு தமிழ் ஆசிரியர் கூடுதலாக வந்ததாகவோ நம் பெரியவர்கள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்மேல் குறை சொல்லவில்லை. அங்கே உட்கார்ந்தவரின் தாய்மொழியைப் பார்த்து நம் காரியங்கள் நடப்பதில்லை.

மனுவில் நீங்கள் நிறுத்தக் கேட்டிருக்கும் மலையாள மொழி மசோதா பற்றி இனிப் பேசியாக வேண்டும். உங்கள் மனுவில் உண்மையிலேயே ஆளுநரின் மேசைக்குப் போகத் தகுந்த விஷயம் அது ஒன்றுதான். அதில்தான் நமக்குள்ளேயே ஒரு முரண்பாடும் இருக்கிறது.

2015-ல் மலையாள மொழிப் பரப்புதலுக்கென்று ஒரு மசோதா சட்டசபையில் நிறைவேறியது. அது குடியரசுத் தலைவருக்குப் போனது, ஒப்புதல் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் இங்கே ஆளுநர் சதாசிவம். பத்து வருஷம் கழித்து, 2025 அக்டோபரில் புதிய மலையாள மொழி மசோதாவைச் சபை நிறைவேற்றியது. பத்தாம் வகுப்புவரை பள்ளிகளில் மலையாளம் முதல் மொழி என்கிறது அது. காசர்கோட்டுக் கன்னடர்களுக்காகக் கர்நாடக முதல்வர் சித்தராமையா எதிர்ப்புத் தெரிவித்தார். தமிழருக்கும் கன்னடருக்கும் பாதுகாப்புப் பிரிவு மசோதாவுக்குள்ளேயே இருக்கிறது என்று பினராயி பதில் சொன்னார். நீங்கள் இதை ஆளுநர் நிறுத்த வேண்டும் என்கிறீர்கள்.

நிறுத்தட்டும் என்று ஒரு மனம் எனக்கும் சொல்கிறது. கேரளத்தின் முதல் மந்திரிசபை கொண்டுவந்த 1957 கல்வி மசோதாவை முதல் ஆளுநர் பி. ராமகிருஷ்ண ராவ் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். அது உச்ச நீதிமன்றம் போய், 1958-ல் சிறுபான்மையினர் பள்ளி நடத்தும் உரிமை குறித்து இன்றும் மேற்கோள் காட்டப்படும் கருத்து வந்தது. அந்தக் கருத்தின் நிழலில் எத்தனையோ பள்ளிகள் நிற்கின்றன. அதே ஆளுநரின் அறிக்கைக்குப் பிறகு 1959 ஜூலை 31 அன்று அந்த மந்திரிசபையே கலைக்கப்பட்டது என்பதும் உண்மை. ஒரே பேனாதான். பல்கலைக்கழக மசோதாக்களை அது முடக்கினால் ஜனநாயக விரோதம், மொழி மசோதாவை முடக்கினால் நமக்கு ரட்சை என்று இரண்டு நாக்கால் நாம் பேச முடியாது. தமிழ்நாட்டு அரசின் வழக்கில் 2025 ஏப்ரலில் தீர்ப்பு வந்தபோது, கிடப்பில் போட்ட 10 மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கருதப்படும் என்று நீதிமன்றம் சொன்னதே, களியக்காவிளையில் வெடி போட்டார்களோ இல்லையோ நம் வாட்ஸ்அப்பில் போட்டோம். நவம்பர் 20-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு, கெடு விதிக்க முடியாது, தானாக ஒப்புதல் என்பதும் கிடையாது என்றது. காரணமே சொல்லாமல் காலவரையின்றி உட்கார்ந்திருக்கவும் முடியாது என்றது. என் கட்சி இந்தக் கடைசி வாக்கியம். ஆளுநரிடம் கேட்பதென்றால் இப்படிக் கேட்கலாம்: ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் சொல்லிச் சபைக்குத் திருப்பி அனுப்புங்கள், எந்த மசோதாவையும் அலமாரியில் வைக்காதீர்கள். நமக்குப் பிடிக்காத மசோதாவுக்கும் பிடித்த மசோதாவுக்கும் அதே வாசகம். சபையில் திரும்ப விவாதம் வரும்போது நம் இரு தொகுதி எம்.எல்.ஏ.க்களும் என்ன பேசுகிறார்கள் என்று நாம் பார்க்கலாம். அவர்களை நாம் கேள்வி கேட்க முடியும், ஆளுநரைக் கேட்க முடியாது.

மசோதாவுக்குக் கையெழுத்து விழுந்தாலும் விழாவிட்டாலும், நமக்கு ஏற்கெனவே இருப்பதை நாம் என்ன செய்தோம்? 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அரசு அறிவித்த இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் எழுதலாம். பதிலும் அதே மொழியில் வர வேண்டும். அரசியல் சாசனத்தின் 350-ஆம் பிரிவு, எந்த அதிகாரிக்கும் குறைமனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது. 350-அ, தொடக்கக் கல்வியில் தாய்மொழி. 350-ஆ, மொழிச் சிறுபான்மையினருக்கென்று ஒரு தனி அதிகாரி, அவருடைய அறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போகும். ஐம்பத்தாறு வருஷத்துக்கு மேலாகச் சட்டம் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் ஒரு கடிதமாவது தமிழில் எழுதிப் பதில் கேட்டோம்? நீங்கள் ஆளுநருக்கு எழுதிய மனுவே ஆங்கிலத்தில்தான் இருக்கிறது.

போன தடவை பென்ஷன் சரிபார்ப்பு (மஸ்டரிங்) சமயத்தில் அட்சயா சேவை மையத்தில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் சாலியர் தெருப் பாட்டி ஒருவர். மலையாளம் அவர் பேசினால் யாரும் வேற்றாள் என்று சொல்லமாட்டார்கள். எழுத்து மட்டும் தமிழ். ரேஷன் கார்டில் அவர் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி. ழகரம் ஒன்றில் இருக்கிறது, மற்றதில் லகரமாகிவிட்டது. கம்ப்யூட்டரில் இருந்த பெண்பிள்ளை நல்லவள், படிவத்தை வரி வரியாக வாசித்துக் காட்டி, "அம்மச்சி இவிடெ ஒப்பிடணும்" என்று விரலை வைத்துக் காட்டினாள். பாட்டி தமிழில் கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தானே வாசித்துப் பார்க்கும் உரிமை அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது. கேட்க ஆளில்லை. கேட்க வேண்டிய இடமும் கவடியாரில் இருக்கும் ஆளுநர் மாளிகை அல்ல, பஞ்சாயத்துச் செயலாளரின் மேசை.

அந்தப் பென்ஷன் 2025 நவம்பர் முதல் 1600-லிருந்து 2000 ரூபாய் ஆனது. அரசு உத்தரவு எதையாவது எடுத்துக் கடைசி வரியைப் பாருங்கள். "கவர்னருடெ உத்தரவின் பிரகாரம்" என்று போட்டு, கீழே ஒரு செயலாளர் கையெழுத்திட்டிருப்பார். கிராம ரோட்டுக்கு அரசு நிதி ஒதுக்கினாலும் அதே வரிதான். அதில் தொண்ணூற்றொன்பது சதவீதத்தை எந்த ஆளுநரும் கண்ணால் பார்த்திருக்கமாட்டார். மந்திரிசபை முடிவு செய்கிறது, துறை எழுதுகிறது, அவர் பெயர் அச்சாகிறது. அச்சான பெயரைப் பார்த்து ஆள் அங்கே இருக்கிறார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

முன்னேற்றம் என்ற சொல்லை நீங்கள் எழுதியதால் ஒன்றிரண்டு வார்த்தை. மத்திய வரிப் பங்கில் கேரளத்தின் விகிதம் 14-ஆவது நிதிக் குழுவில் 2.5 சதவீதம், 15-ஆவதில் 1.925. அந்த எண்ணை எந்த ஆளுநராலும் மாற்ற முடியாது. விழிஞ்ஞம் கதையும் அதுவே. 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல் வந்தது, 2025 மே 2 அன்று பிரதமர் திறந்துவைத்தார். 817.80 கோடி ரூபாய் மத்திய உதவியைத் திருப்பிக் கட்ட வேண்டுமா வேண்டாமா என்ற வாக்குவாதம் டெல்லி நிதி அமைச்சகத்துக்கும் மாநில அரசுக்கும் நடுவில்தான் நடந்தது. துறைமுகத்திலிருந்து பாலராமபுரம்வரை 10.7 கிலோமீட்டர் ரயில் பாதை, பெரும்பகுதி சுரங்கம் என்பது திட்டம். அது நம் காலடியில் போகும். அதில் வேலைக்குப் பயிற்சி வேண்டுமென்றால் கேட்க வேண்டியது துறைமுக நிறுவனத்தையும் தொழில்துறையையும் பிளாக் பஞ்சாயத்தையும். கோட்டுக்காலும் வெங்ஙானூரும் நம் அதியன்னூர் பிளாக்கில் இருக்கும்போது நமக்கு அங்கே பேச வாயில்லையா?

நெய்யாறு கால்வாயை மனுவிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். இடதுகரைக் கால்வாயின் கடைமடை தமிழ்நாட்டு விளவங்கோட்டில் இருக்கிறது. 2004 முதல் அங்கே தண்ணீர் போகவில்லை, வழக்கு உச்ச நீதிமன்றத்தில். நம் பக்கத்துத் தூர் வாருதலை அதனோடு கோர்த்தால் இரண்டுமே நடக்காது. தனியாக நீர்ப்பாசனத் துறைக்கு எழுதலாம்.

1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை மாறியபோது விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நேசமணி தலைமையில் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட தாலூக்காக்களில் நம்முடையதும் ஒன்று என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் ஒரு ஏக்கத்தோடே சொல்வார்கள். யாரோ மேலே வரைந்த கோட்டில் நம் கதி முடிவானதால், மேலே இருப்பவர்களிடம் கேட்டே பழகிவிட்டோம் போலிருக்கிறது. 2025 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் முடிந்து வார்டுக்கு வார்டு புது மெம்பர்கள் வந்திருக்கிறார்கள். ஓட்டுக் கேட்டு நம் திண்ணையில் உட்கார்ந்தவர்கள். முதல் கிராம சபை கூடும்போது கீழ்க்கண்டதைத் தீர்மானமாகக் கொண்டுவரச் சொல்கிறேன். நம் பஞ்சாயத்து மொழிச் சிறுபான்மைப் பகுதி அறிவிக்கையில் இருக்கிறதா, இல்லையென்றால் சேர்க்கப் பரிந்துரை. இருந்தால், வருமானச் சான்று, பென்ஷன், வீட்டு வரி மூன்று படிவங்களுக்குத் தமிழ் நகல். கூட்டம் நடக்கத் தேவையான ஆள் எண்ணிக்கை குறைந்தால் தீர்மானம் செல்லாது, அதனால் பெண்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். தொழிலுறுதி வேலை முடிந்து வருபவர்களுக்குத் தோதாக நேரம் வைக்கச் சொல்லி இப்போதே மெம்பரிடம் பேசுங்கள்.

ஆளுநருக்கும் ஒரு மனு போகட்டும், தடுக்கவில்லை. மசோதா பற்றிய அந்த ஒரு பத்தி மட்டும், தமிழில். அதை எழுதிக் கொண்டுவந்தால் கையெழுத்துப் போடுகிறேன். மற்றக் கோரிக்கைகளுக்கு, மொழிச் சிறுபான்மைப் பகுதி அறிவிக்கையின் நகல் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் கொடுக்கும் விண்ணப்பத்தை நான் எழுதித் தருகிறேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும், அதை யாராவது நெய்யாற்றின்கரையில் வாங்கி வாருங்கள்.

அன்புடன்,
அதியன்னூரிலிருந்து
உங்களில் ஒருவன்